கொல்லிமலை வழியும் வழித்துணையும்

நாமக்கல் சமவெளியில் நின்று பார்ப்பவருக்குச் செங்குத்தாக எழுந்து வானத்தை மறைத்து நிற்கும் கொல்லிமலை, மேலே ஏறிச் சென்றவருக்கு வடக்குத் தெற்காக ஏறத்தாழ 28 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 19 கிலோமீட்டரும் பரந்து, 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள ஒரு தனிப் பிரதேசமாகவே காட்சியளிக்கிறது. அந்தப் பிரதேசம் பதினான்கு நாடுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. பள்ளத்தாக்கின் அடியில் படிப்படியாக இறங்கும் நெல்வயலும், சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும், வீட்டோரத்தில் பலாவும் வாழையும், மர நிழலில் காப்பியும், மரத்தைப் பற்றிப் படரும் மிளகுமாக வாழும் இந்நாடுகளின் மக்களாகிய மலையாளிகள், காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களின் சந்ததியார் தாங்கள் என்ற பழங்கதையைப் பூர்வ சரித்திரமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கதையும் ஒரு மலையேற்றக் கதையே.

இந்த மலையின் சரித்திரத்தை அதை ஆண்ட மன்னர்களைக் கொண்டு எழுதியவர்கள் உண்டு. அறப்பளீசுவரர் கோயிலைக் கொண்டும் கொல்லிப்பாவையைக் கொண்டும் எழுதியவர்கள் உண்டு. அதன் வழியைக் கொண்டும் எழுதலாம். மலையில் ஒருவர் எவ்வாறு ஏறினார், அவருடைய சுமையை யார் சுமந்தார், அவர் களைத்தபோது யார் தண்ணீர் கொடுத்தார் என்று விசாரித்துக்கொண்டு போனால், அரசர்களின் பெயர்ப் பட்டியலில் அகப்படாத ஒரு நீண்ட பரம்பரை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. இன்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்தே ஏறும் நெடுந்தூரப் பிரயாணியையும், தண்ணீரும் பழமும் மாற்று டியூபும் ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு அவருக்காகக் காத்து நிற்கும் துணை வண்டி ஓட்டுநரையும் பார்க்கிறவர்கள், இது நம் காலத்தில் முளைத்த நாகரிகம் என்று எண்ணுகிறார்கள். காட்சி புதிதுதான், அந்த இருவருக்கும் இடையிலுள்ள உறவு மிகப் பழையது.

சங்க காலத்தில் கொல்லிமலை வல்வில் ஓரியின் நாடு. கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய அவனிடம் பரிசில் பெறுவதற்காகப் பாணரும் கூத்தரும் யாழையும் முழவையும் பைகளிலே கட்டித் தோளில் சுமந்துகொண்டு, பெண்டிரும் பிள்ளைகளுமாகக் கூட்டமாகவே காட்டு வழியில் சென்றார்கள் என்பதைப் புறநானூற்றில் வன்பரணர் ஓரியைப் பாடிய பாட்டுகளால் அறிகிறோம். அப்படிப்பட்ட மலைவழிகளில் செல்வோருக்கு வழி சொல்வதையே பொருளாகக் கொண்ட நூல் மலைபடுகடாம். செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் சொல்லும் அந்த வழியிலே, தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல் எங்கே பாயும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும், இரவில் எந்தக் குடியிருப்பில் தங்கினால் உணவு கிடைக்கும் என்பன எல்லாம் அடைவாகச் சொல்லப்படுகின்றன. தானே முன்னர் அந்த வழியில் போய்வந்தவன், பின்னர் வருகிறவனுடைய காலுக்கு ஆபத்து நேராதபடி கவலைப்பட்டுச் சொல்லும் சொற்கள் அவை. வழித்துணைக்குரிய முதற்குணம் இந்த முன்கவலைதான்.

இரண்டாவது குணம், முறியக்கூடியதற்கு மாற்று ஒன்றை முன்னதாகவே எடுத்துச் செல்வது. உப்பு வணிகராகிய உமணர், நெல்லுக்கு உப்பை மாற்றுவதற்காகப் பாரம் ஏற்றிய வண்டிகளை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிச் சென்றபோது, அச்சு முறிந்தால் நடுவழியில் நிற்க நேருமென்று அஞ்சி, வண்டியின் அடியிலே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். தகடூர் அதியமானின் மகனாகிய பொகுட்டெழினியை ஔவையார் அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. கொல்லிமலைக்கு வடக்கே, அதே நிலப்பகுதியிலே, ஓர் இளவரசனைப் புகழ்வதற்கு வாளையும் வேலையும் விட்டுவிட்டு, பிரயாணத்தில் உதவும் மாற்று அச்சை ஒரு பெரும்புலவர் தேர்ந்தெடுத்தார் என்பது, வழியில் கைகொடுப்பதை நம் முன்னோர் எவ்வளவு உயர்ந்த தர்மமாக மதித்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி.

அந்தத் தர்மம் பாட்டோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டு வழிகளிலே சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் எழுந்தன; இரண்டு கற்களை நிறுத்திக் குறுக்கே ஒரு பலகைக் கல்லைத் தோள் உயரத்தில் கிடத்திய சுமைதாங்கிகள் நின்றன. தலைச்சுமையோடு தனியே வருகிறவருக்கு மூட்டையை இறக்குவதைக் காட்டிலும் மறுபடி தூக்கி வைப்பதே கடினம். பிறர் உதவியின்றி அவர் மூட்டையை அப்படியே கல்லின்மீது சாய்த்துவிட்டுச் சிறிது மூச்சு வாங்கி, மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொள்வதற்கு ஏற்ற உயரத்தில் அந்தக் கல் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுடைய ஆத்மா, பிறர் சுமையை இறக்கிவைப்பதனால் சாந்தியடையும் என்று எண்ணிய மக்களின் இதயத்தை நினைக்கும்போது, வழிப்போக்கரின் களைப்பை நம் சமூகம் எத்தனை அணுக்கமாக உணர்ந்திருந்தது என்பது புலனாகிறது.

கொல்லிமலைக்கு ஏறும் பழைய ஒற்றையடிப் பாதைகள் பல. துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கை அருவியின் வழியாக அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஏறும் பாதை அவற்றுள் பிரசித்தமானது. ஆடிப் பதினெட்டுக்கு மலையேறும் யாத்ரீகர்கள் ஒரு காலத்தில் இத்தகைய பாதைகளில்தான் கட்டுச்சோற்றோடு சென்றார்கள். மலைநாட்டார் மிளகையும் பலாவையும் வாழையையும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கி, உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் சுமந்து ஏறியதும் இத்தகைய பாதைகளில்தான். சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, முதுகுத் தண்டு வளையாமல், முழங்காலால் மட்டும் படியை வாங்கிக்கொண்டு ஏறும் அந்த நடையை ஒரு வித்தையென்றே சொல்ல வேண்டும். மலையிலே சுமப்பவர் வேகமாக ஏறமாட்டார். ஏறத் தொடங்கிய வேகத்திலேயே கடைசி வரை ஏறுவார். இன்று மலைச்சாலையில் சைக்கிள் மிதிக்கும் தேர்ந்த பிரயாணிகளும் முதற்படியாகக் கற்றுக்கொள்வது இந்த நிதானத்தைத்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சேலம் ஜில்லாவின் மலைகள் ஒரே வகையான கவனத்தைப் பெறவில்லை. 1820ஆம் ஆண்டையொட்டிக் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பிப் பயிர் புகுந்த சேர்வராயன் மலையில் ஏற்காடு எழுந்தது. பங்களாக்களும் தோட்டங்களும் சாலையும் அதைத் தொடர்ந்தன. கொல்லிமலையோ காய்ச்சலுக்கு இருப்பிடம் என்ற அச்சத்தால் துரைமார்களின் கோடை வாசத்திற்கு உகந்ததாகக் கருதப்படவில்லை. அதனால் மலையின் தனித்தன்மை பாதுகாக்கப்பட்டது என்று ஒருபுறம் சொல்லலாம். நோயாளியையும் பிரசவ வேதனையில் இருப்பவளையும் தொட்டிலில் கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது என்று மறுபுறம் சொல்லாமலிருக்க முடியாது. சாலையில்லாத மலையின் அழகைப் புகழ்கிறவர்கள் அந்தத் தொட்டிலின் பாரத்தையும் நினைக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார்ச் சாலை வந்தது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு நோக்கி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை எழுபது திருப்பங்களில் மடித்து அமைக்கப்பட்ட அந்தச் சாலையில், ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை நிற்கிறது. பிற்காலத்தில் முள்ளுக்குறிச்சிப் பக்கமாகவும் மலைக்கு ஒரு வழி ஏற்பட்டது. சாலை வந்ததும் தலைச்சுமை பஸ்ஸின் கூரைக்கும் லாரியின் தொட்டிக்கும் மாறியது. சோளக்காட்டுச் சந்தையின் பலாவும் அன்னாசியும் அன்றைக்கே சமவெளிக்கு இறங்கின. அடிவாரத்து நாமக்கல்லோ லாரித் தொழிலுக்கும் லாரிக் கூடு கட்டும் தொழிலுக்கும் இந்தியா முழுவதும் பெயர்பெற்ற ஊராயிற்று. ஏற்றத்தில் பாரவண்டி திணறி நின்றால், கிளீனர் கையில் கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்தின் அடியில் அதைச் செருகுவார். வண்டி இரண்டு முழம் ஏறினால் கட்டையும் இரண்டு முழம் ஏறும். சைக்கிள் பிரயாணிகளுக்குத் துணை வண்டி ஓட்டும் தொழிலுக்கு வேண்டிய பொறுமையும் சமயோசிதமும் இந்த வட்டாரத்திலே இவ்வாறு தலைமுறையாகப் பழகியவை.

இனி சைக்கிளின் கதைக்கு வருவோம். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ சம அளவில் அமைந்த வண்டியை உருவாக்கினார். 1888இல் டன்லப் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுக்குள்ளாகவே, அமெரிக்காவைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற மாதரசியும் அவருடைய கணவரும் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து, தென்கோடியிலிருந்து இமயம் வரை பல்லாயிரம் மைல் சைக்கிளில் சுற்றி, அந்த அனுபவத்தை 1904இல் நூலாக வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு நாற்பது பஞ்சர் வரைகூட ஒட்ட நேர்ந்த யாத்திரை அது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் 71,000 கிலோமீட்டரைக் கடந்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்குத் துணை வண்டி இல்லை. ஆனால் வழியெங்கும் முகமறியாத மனிதர்கள் கொடுத்த நீரும் உணவும் இல்லாமல் அந்த ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளை அவர்கள் கடந்திருக்க இயலாது.

மலையில் சைக்கிள் ஏறுபவருக்குப் பிறர் உதவலாமா என்ற கேள்வி பிரான்ஸ் தேசத்தில் ஒரு கடுமையான விவாதமாகவே நடந்தது. 1910இல் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தினர் பிரனீஸ் மலையின் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயை முதன்முதலாக ஏறினார்கள். 1913இல் அதே கணவாயிலிருந்து இறங்கும்போது ஒழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் முன் கவை முறிந்துவிட்டது. பிறர் உதவியைப் பெறக்கூடாதென்பது விதி. அவர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்தை அடைந்து, கொல்லுலையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். துருத்தியை ஊதுவதற்கு மட்டும் ஒரு சிறுவன் கைகொடுத்தான். அதைப் பிறர் உதவி என்று கணக்கிட்டு நடுவர்கள் அவருக்குத் தண்டனை விதித்தார்கள். மலையேற்றத்திற்கு ஏற்றவாறு பல்லிணை மாற்றும் கருவியும் அந்தப் பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. தனிமனித வலிமையைச் சோதிக்கிறோம் என்ற எண்ணத்தில் எழுந்த விதிகள், மனிதருக்கு மனிதர் செய்யும் இயல்பான உபகாரத்தைக் குற்றமாக்கும் எல்லைவரை சென்றன. காலப்போக்கில் பந்தயத்தை நடத்தியவர்களே அவற்றைத் தளர்த்தி, இன்று ஒவ்வோர் அணிக்கும் பின்னால் கார் செல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக அல்லாமல் உழைப்பின் துணையாகவே வேரூன்றியது. 1949இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ் வண்டி பால்காரருக்கும் தபால்காரருக்கும் நெசவாளருக்கும் சொத்தாயிற்று. ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடையும், தகரத் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி நீர்க்குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புக் காகிதத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டும் பஞ்சர் கடையும் ஏற்பட்டன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றது, பெண்விடுதலையின் சரித்திரத்திலேயே ஓர் அத்தியாயம். மலையிலோ ஒற்றைப் பல்லிணையுடைய கனத்த சைக்கிள் ஏற்றத்தில் மிதிப்பதற்கு உதவாது. அதைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். பல்லிணை மாற்றும் வண்டிகள் நம் சந்தைக்கு வந்த பிறகே மலைச்சாலைச் சைக்கிள் யாத்திரை நம்மவருக்குக் கைகூடியது. 2008 டிசம்பரில் தொடங்கிய நீலகிரிச் சுற்றுப் பயணம், துணை வண்டிகளோடு பல நாள் மலைகளில் சைக்கிள் ஓட்டும் முறையைத் தென்னாட்டில் பரப்பியது. அவ்வழியில் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலைக்கு 36 வளைவுகள். அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வளைவுகளைக் கொண்ட கொல்லிமலை, அத்தகைய பிரயாணிகளின் ஆசையைத் தூண்டியதில் வியப்பில்லை.

துணை வண்டியால் என்ன பயன் என்பதைக் கணக்காகவே காணலாம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், 12 கிலோ மூட்டையைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு ஏறுகிறவர், புவியீர்ப்பை எதிர்த்து நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் அது 150 மீட்டர் உயரமுள்ள மற்றொரு குன்றையும் சேர்த்து ஏறியதற்குச் சமம். அந்தக் குன்றைத் துணை ஓட்டுநர் தம் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். ஆனால் சுமப்பது அவருடைய வேலையில் எளிய பகுதி. தேர்ந்த ஓட்டுநர் ஏற்றத்தில் சைக்கிளின் பின்னாலேயே ஊர்ந்து வருவதில்லை. இயந்திரத்தின் புகை, மூச்சு வாங்கும் மனிதருக்கு ஆகாது. நான்கைந்து வளைவுகள் முன்னே போய், வளைவின் மடிப்பில் நிறுத்தாமல், மேலிருந்து வருகிற பஸ்ஸுக்கும் கீழிருந்து வருகிற லாரிக்கும் தெரியும்படி நேர்ச்சாலையின் ஓரத்தில், நிழல் பார்த்து நிறுத்துகிறார். சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். தண்ணீர்க் குப்பியின் மூடியைத் திருகித் தளர்த்தி வைத்துக்கொள்கிறார். சைக்கிள் நெருங்கும்போது முதலில் முகத்தைப் பார்க்கிறார். வியர்வை வழிந்தால் கவலையில்லை. வியர்வை நின்று முகம் வெளுத்திருந்தால் ஆபத்து. "இறங்குங்க தம்பி, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டுப் போலாமுங்க. மலை எங்கயும் ஓடிப் போயிடாது" என்று அவர் அதட்டாமல் சொல்லும் சொல்லுக்கு, பிரயாணத்துக்குப் பணம் கொடுத்தவரும் கட்டுப்படுகிறார், கட்டுப்படாதவர் அறுபதாவது வளைவுக்குள் அந்தச் சொல்லின் அருமையை உணர்கிறார்.

இறக்கத்தில் முறை மாறுகிறது. அப்போது ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறார். வேகமாக வரும் வாகனங்களுக்கும் சைக்கிளுக்கும் நடுவே தம் வண்டியை அரணாக வைக்கிறார். பிரேக் கட்டை சக்கர வளையத்தை விடாமல் அழுத்தினால் வளையம் சுட்டு டியூப் வெடிக்கலாம் என்பதால், முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றி விட்டு விட்டுப் பிடிக்கும்படி நினைவூட்டுகிறார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் பொதுவிதி. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலும் அது எழுதப்பட்டிருந்தது. சிரமப்படுகிறவருக்கே முதலுரிமை என்ற அந்த விதியை நாம் மலையைவிட்டு இறங்கிய பின்னும் கைக்கொள்ளலாம்.

துணை வண்டியோடு ஏறுவது ஏற்றமாகாது என்று வாதிப்பவர்களும் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில், நிர்ணயித்த சாவடிகளிலன்றி வேறெங்கும் துணை வண்டியின் உதவியைப் பெறக்கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. அந்த ஒழுக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்த ஓட்டக்காரரும் நள்ளிரவில் திறந்திருக்கும் தேநீர்க் கடையை நம்பியே போகிறார். ஐப்பசி கார்த்திகை மழையில் சரிந்த மண்ணையும் பாறையையும் அகற்றிய சாலைப் பணியாளரின் உழைப்பின்மீதே உருள்கிறார். தனியாக ஏறினேன் என்று மலையில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. 1953இல் எவரெஸ்ட் உச்சியில் இருவர் நின்றார்கள்; அவர்களை அங்கே நிறுத்திய குழுவுக்காக 362 சுமையாளர்கள் நடந்தார்கள்.

சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரைச் சொல்லும்போது, மலையமான் திருமுடிக்காரியும் வல்வில் ஓரியும் பொருத போரையும் குறிப்பிடுகிறது. சேரனுக்காகக் காரி ஓரியைக் கொன்று கொல்லியைக் கைப்பற்றிக் கொடுத்த போர் அது. அங்கே புலவர் இரு தலைவர்களின் பெயரோடு அவர்கள் ஏறிய குதிரைகளின் பெயரையும் சொல்கிறார். காரியின் குதிரை காரி, ஓரியின் குதிரை ஓரி. ஏறிச் சென்றவனைப் பாடும்போது அவனைச் சுமந்து சென்றதையும் பெயர் சொல்லிப் பாடுவது அந்தப் புலவருக்கு நியாயமாகத் தோன்றியது. நம் காலத்துப் பிரயாண நூல்களும் கட்டுரைகளும் எத்தனை வளைவு, எத்தனை மீட்டர், எத்தனை மணி என்று விரிவாக எழுதுகின்றன. வளைவுக்கு வளைவு காத்து நின்ற ஓட்டுநரை ஒரு வாக்கியத்தில் நன்றி சொல்லி முடித்துவிடுகின்றன. அவர் காலையில் எல்லோருக்கும் முன்னே எழுந்து, இரவில் எல்லோருக்கும் பின்னே, பல நேரங்களில் வண்டியின் இருக்கையிலேயே, படுக்கிறவர். அவருக்கு நியாயமான கூலியும், படுக்க ஒரு கட்டிலும், தொடர்ந்து ஓட்டாமல் இளைப்பாற ஒரு வேளையும் தருவது பிரயாணத்தை ஏற்பாடு செய்வோரின் கடமை. அவருடைய பெயரை அவர் சம்மதத்தோடு முதற்பக்கத்தில் எழுதுவது பிரயாணியின் கடமை.

குண்டனி நாட்டாருக்கும் மற்றப் பதின்மூன்று நாட்டாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சைக்கிளில் வருகிறவர் தண்ணீரும் உணவும் முழுவதையும் சமவெளியிலிருந்தே ஏற்றி வந்து, குப்பையை மட்டும் மலையில் விட்டுப் போவாரானால், அது யாத்திரை ஆகாது. மலைவாழையையும் சாமைச் சோற்றையும் மலைக்காப்பியையும் மலைநாட்டார் கையிலிருந்தே விலை கொடுத்து வாங்கி, பழைய பாதைகளை அறிந்த முதியவர்களிடம் வழி கேட்டு, வெறுங்குப்பியைத் தம்மோடு திருப்பி எடுத்துச் செல்லும் பிரயாணிகள் பெருகும்போது, தலைச்சுமைக் காலத்தில் இந்த மலையைத் தாங்கி நின்றவர்களின் சந்ததியார்க்கு அந்தச் சாலையால் மெய்யான பயன் விளையும். சுமப்பவரை மதிக்கக் கற்றுக்கொள்வதற்கு அந்த எழுபது வளைவுகளைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. அங்கே கற்றவர் ஊர் திரும்பிய பின்பு, தம் அன்றாட வாழ்வைச் சுமந்து நிற்கிறவர்களையும் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவாரானால், அந்த ஏற்றம் பயனுடையதாகும்.